தட்டினால் போதும்... எந்தக் கணக்கிலிருந்து என்பதுதான் கேள்வி!

உங்கள் ஏ.டி.எம். கார்டில், வைஃபை குறியைப் பக்கவாட்டில் படுக்க வைத்ததுபோல நாலு வளைந்த கோடுகள் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இருந்தால், அது மெஷினில் சொருகாமலே, தொட்டுக் காட்டியே பணம் கட்டக்கூடிய கார்டு. 5,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பர்கூட அடிக்க வேண்டியதில்லை. எங்கள் கரடியூர்ப் பக்கம் புதுப்பித்து வருகிற கார்டுகளில் பெரும்பாலும் இந்தக் கோடு இருக்கிறது. ஏற்காட்டுக்குப் போனால் மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், மளிகை என்று தட்டியே வாங்கிவிட்டு வரலாம்.

இது வந்த புதிதில் ஊரில் எல்லோருக்கும் பயம்தான். "ஏந்தம்பி, தொட்டாலே காசு போயிரும்னா, பஸ் கூட்டத்துல எவனாச்சும் மெஷினை என் பைமேல உரசிட்டுப் போனா என்ன பண்றது?" என்று பக்கத்துத் தோட்டத்து அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால், அந்த அத்தை அதுவரை எப்படிப் பணம் கட்டிக்கொண்டிருந்தார் தெரியுமா? கண் பார்வை மங்கல். கடைப் பையனிடம் கார்டை நீட்டி, பின் நம்பரையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவார். பின்னால் நிற்கிற நாலு பேருக்கும் அது கேட்கும். கார்டு உறைமேலேயே நம்பரைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு. இவர்களுக்கெல்லாம் தட்டுகிற கார்டு ஒரு பாதுகாப்புதான். கார்டு கையை விட்டுப் போவதில்லை. ரகசிய நம்பரை யாரிடமும் சொல்லவும் வேண்டாம். போனில் பணம் அனுப்பலாமே என்பீர்கள். அதற்குப் பெரிய போன் வேண்டும், சார்ஜ் வேண்டும், சிக்னல் வேண்டும். பழம் பறித்துப் பிசின் ஏறிய விரலுக்கு அந்தக் கண்ணாடித் திரை சரியாக வேலை செய்வதும் இல்லை.

அத்தையின் கேள்விக்கு வருகிறேன். கார்டுக்குள் பேட்டரி கிடையாது. ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. மெஷினைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தில் இருந்துதான் அதற்கு மின்சாரம் கிடைத்து, உள்ளே இருக்கும் சிப் வேலை செய்கிறது. சுமார் நாலு சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் இது நடக்கும். பர்சில் இரண்டு மூன்று கார்டுகள் ஒட்டி இருந்தால் மெஷினே குழம்பிவிடும். தவிர, கடைக்காரர் தொகையை அடித்த பிறகுதான் தட்டவே முடியும். அந்தப் பணம் போய்ச் சேருவதும் ஆவணம் கொடுத்து மெஷின் வாங்கியவரின் வங்கிக் கணக்குக்குத்தான். திருடன் தன் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுத் திருடுவதுபோல அது. முக்கியமாக, ஒவ்வொரு தட்டுக்கும் சிப் புதிதாக ஒரு ரகசிய எண்ணை உருவாக்குகிறது. அது அந்த ஒரு தடவைக்கு மட்டுமே செல்லும். பழைய கறுப்புப் பட்டையைத் தேய்க்கிற கார்டில் எப்போதும் ஒரே விவரம்தான் போகும்; அதைத்தான் நகலெடுத்தார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். உரக்கடையில் கைரேகை வைக்கிற மெஷின் வேறு, இது வேறு. 2018 முதல் மானிய உரம் யாருக்குப் போகிறது என்று பதிவு செய்யத்தான் அந்தக் கைரேகை. அதில் நம் பணம் பிடிக்கப்படாது. பணம் கட்டுகிற மெஷினில், 1,350 ரூபாய் விலையில் மூன்று மூட்டை டி.ஏ.பி. வாங்கினால் 4,050 ரூபாய், தட்டினாலே போதும். நாலாவது மூட்டை சேர்ந்தால் 5,400. பின் நம்பர் கேட்கும். முன்பு இந்த வரம்பு 2,000 ரூபாயாக இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி அதை 5,000 ஆக்கியது. தட்டுவதற்கு முன்னால் திரையைப் பாருங்கள். 480-க்குப் பதிலாக 4,800 என்று அடித்திருந்தாலும் மெஷின் ஒன்றும் கேட்காது.

உரசிப்போகிற திருடனைவிட எனக்குப் பெரிய கவலை, தொலைந்து போகிற கார்டு. போன டிசம்பரில் என் பெரியப்பா பல்பர் மெஷினுக்கு உதிரிப் பாகம் வாங்க பஸ்ஸில் சேலம் இறங்கினார். அடிவாரம் தாண்டி டவுனில் இறங்கிப் பார்த்தால் பர்சைக் காணோம். அதில் இருந்த ரொக்கம் அறுநூறு ரூபாய்தான். ஆனால் இரண்டு நாளுக்கு முன்னால்தான் காபி விற்ற பணம் 1,36,000 ரூபாய் அந்தக் கணக்கில் ஏறியிருந்தது. சனிக்கிழமை பறிப்புக் கூலிக்கு வைத்திருந்த பணம்.

கார்டைத் தடுக்கக் கூப்பிட வேண்டிய நம்பர் எங்கே இருக்கிறது? தொலைந்துபோன கார்டின் முதுகில்! பெரியப்பா ஒரு டீக்கடையில் போன் வாங்கி என்னைக் கூப்பிட்டார். எனக்கும் அதே வங்கி என்பதால் என் கார்டைத் திருப்பிப் பார்த்து நம்பரைச் சொன்னேன். அவர்கள் கணக்கு எண் கேட்டார்கள். பெரியம்மா பாஸ்புக்கைத் தேடி எடுத்துப் படித்தார். பணம் எடுத்தால் வருகிற எஸ்.எம்.எஸ். எல்லாம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அண்ணன் போனுக்குத்தான் போகும். அவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கார்டு தடுக்கப்படுவதற்குள் முக்கால் மணி நேரம். அதற்குள் ஒரு செருப்புக் கடையில் 2,350, இன்னொரு கடையில் 1,900 என்று இரண்டு தட்டு விழுந்துவிட்டது. மூன்றாவது தட்டு செல்லவில்லை.

அன்று சாயங்காலமே கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் எண் வாங்கினோம். ஒன்பதாவது வேலை நாளில் 4,250 ரூபாய் கணக்கில் வரவு வந்தது. விசாரணைக்குப் பிறகும் அதைத் திரும்ப எடுக்கவில்லை. இதற்கு அடிப்படை, 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதுபோல ஒன்று வந்தது. வங்கிமீதும் நம்மீதும் தப்பில்லாத மோசடி என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பில்லை. பின் நம்பரைச் சொல்லிக் கொடுத்ததுபோல நம் கவனக்குறைவால் போனது என்றால், நாம் புகார் சொல்லும் வரை போனது நம் கணக்கு. சொன்ன பிறகு போவது வங்கி கணக்கு. ஆகவே புகார் கொடுத்த நேரம்தான் கையில் இருக்கும் சாட்சி. வங்கிக்குச் சொல்லிவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் பதிவு செய்துவிடுங்கள்.

இதற்குப் பிறகு எங்கள் வீடுகளில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். கிணற்றில் இருந்து நேராகச் செடிக்குப் பாய்ச்சாமல், தொட்டியில் ஏற்றி அங்கிருந்து விடுகிறோம் அல்லவா, அதுபோலத்தான். விற்ற பணம், கிசான் கார்டு கடன் எல்லாம் கிணறு. அந்தக் கார்டுகளில் தட்டும் வசதியை மூடிவிட்டோம். அவை பீரோவிலேயே இருக்கின்றன. சின்னதாக இன்னொரு சேமிப்புக் கணக்கு தொட்டி. தட்டும் வசதி அந்தக் கார்டில் மட்டும்தான். வாரத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் அதில் போட்டுக்கொள்வது. கிசான் கடனில் இருந்து மொத்தமாக எடுத்துச் சேமிப்பில் போட்டு வைக்காதீர்கள். எடுத்த நாளில் இருந்து வட்டி ஓடும்.

மூடுவதும் திறப்பதும் நம் உரிமை. 2020-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, புதிதாகக் கொடுக்கிற கார்டில் தட்டும் வசதி மூடியே இருக்க வேண்டும். நாம் கேட்டால்தான் திறக்கலாம். வரம்பையும் நாமே குறைக்கலாம், 5,000-தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. அத்தைக்கு ஒரு தட்டுக்கு 1,000 என்று வைத்துக் கொடுத்திருக்கிறேன். மாத்திரைக்கும் மளிகைக்கும் அது போதும். ஆப் தெரியாவிட்டால் ஏ.டி.எம்.மிலோ, வங்கிக்குப் போன் செய்தோ மாற்றலாம்.

கார்டைத் தடுக்கிற நம்பரும் கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கமும் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில், பறிப்புக் கணக்கு எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பின் நம்பர் மட்டும் எங்கேயும் கிடையாது. எஸ்.எம்.எஸ். திருப்பூருக்கும் ஓசூருக்கும் போகிற வீடுகள் எங்கள் ஊரில் இன்னும் நிறைய. கார்டை வைத்திருப்பவர் கையில் இருக்கிற போன் நம்பரைத்தான் வங்கியில் கொடுக்க வேண்டும். சாதா பட்டன் போனே போதும். கிளையில் ஒரு படிவம்தான். அறுவடை தொடங்குவதற்கு முன்னால், மழை மாதங்களில் தோட்டத்தில் வேலை குறைவாக இருக்கும்போதே அதை முடித்துவிடலாம்.