காலை எட்டு, இரவு எட்டு

செவலைக்கு வலிப்பு மாத்திரை காலை எட்டு மணிக்கு அரை, இரவு எட்டு மணிக்கு அரை. நான் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. கொடுத்ததாகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி டாக்டர் அளவைக் கூட்டினார்.

வேளச்சேரியில் ஒரு வடிகால் பள்ளத்திலிருந்து மீட்ட நாய் அது. டிஸ்டெம்பரில் பிழைத்ததன் மிச்சமாக வலிப்பு தங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். தெருநாய்களைக் கவனிக்கும் அக்கா ஒருவர், "தத்தெடுக்க ஆள் கிடைக்கிற வரைக்கும் வச்சுக்குங்க தம்பி" என்று விட்டுப்போனார். வந்த அன்றே கட்டிலுக்கு அடியில் புகுந்தது. ஊர் அடங்கிய பிறகுதான் தட்டுக்கு வரும். கை நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும்.

மாத்திரை ஃபினோபார்பிடோன், 60 மில்லிகிராம். ரத்தத்தில் அதன் அளவு நிலைக்கவே இரண்டு வாரம் பிடிக்கும். நடுவில் திடீரென்று விட்டால், அதுவே வலிப்பைக் கிளப்பிவிடும். சீட்டில் டாக்டர் இதை அடிக்கோடிட்டே எழுதியிருந்தார்.

ஈரல் துண்டுக்குள் பொதித்து வைத்தால் செவலை மறுபேச்சில்லாமல் விழுங்கும். ஆனால் ஈரல் வாங்க வேண்டும், வேகவைக்க வேண்டும், அது தின்கிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்குத் தயிர்சாதம் சுலபம். மாத்திரையை அதில் புதைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் தட்டைக் கழுவும்போது, ஓரத்தில் பாதி கரைந்து வெள்ளையாய் ஒட்டியிருக்கும் மாத்திரையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறேன். ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் மாட்டி இரவு பதினொன்றுக்கு வந்த நாட்களில் அதுவும் கிடையாது. நேரம் தவறியதைக் கொடுக்கலாமா கூடாதா என்ற சந்தேகத்தையே சாக்காக்கிக்கொண்டேன். டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

முன்பு எங்களிடம் இருந்த நாய், சோறு பத்து நிமிடம் தாமதமானால் கதவைப் பிறாண்டிவிடும். செவலை எதையும் கேட்காது. கேட்காத ஜீவன் வந்து வாய்த்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

ஒருநாள் விடியற்காலையில் கட்டில் கால் தடதடவென்று அடித்துக்கொண்டது. செவலை பக்கவாட்டில் விழுந்து, வாயில் நுரை தள்ள, நான்கு கால்களும் நீச்சலடிப்பதுபோல் உதறிக்கொண்டிருந்தது. அம்மா ஓடிவந்து பீரோ சாவிக்கொத்தை அதன் முன்னங்காலருகே வைத்தாள். சாவியால் ஆவது ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அக்கறையோடு ஏதாவது செய்தது அவள் ஒருத்திதான். வலிப்பு நின்றதும் செவலை கண் தெரியாததுபோல் சுவரில் முட்டி முட்டி நடந்து, என் காலில் வந்து சாய்ந்தது. அது என்னிடம் தானாக வந்தது அதுதான் முதல் தடவை. யாரென்று தெரியாததால்தான் வந்திருக்க வேண்டும்.

"மாத்திரை சரியா போகுதா?" என்று கேட்டார் டாக்டர். அக்கா பக்கத்தில் நின்றார். இந்த நாயை வேறு யாரும் இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவர் சொல்லி முடித்த நேரம் அது. "ஒரு வேளைகூடத் தவறல டாக்டர்" என்றேன். அந்தப் பெயரை விட எனக்கு மனம் வரவில்லை. அரை போதவில்லை என்று ஃபைலில் குறித்து, முக்கால் ஆக்கினார்.

அன்றிலிருந்து பயத்தில் ஈரல் வைத்தே கொடுத்தேன், வேளை தவறாமல். செவலைக்குப் பின்னங்கால்கள் தள்ளாடின. குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்தது. வலிப்பு வரவில்லை. மருந்து பிடித்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்போது அது தாம்பரத்தில் ஒரு குடும்பத்தில் இருக்கிறது. ஃபைலும் கூடவே போயிற்று. இந்த மருந்து வருஷக்கணக்கில் போனால் கல்லீரலைப் பதம்பார்க்கும் என்பதால், போன வாரம் அந்த வீட்டுக்காரர் போன் செய்தார். "அளவைக் குறைக்க முடியுமான்னு இங்க டாக்டரைக் கேட்டேன். அரை போதலைன்னு ஃபைல்லயே இருக்கே, குறைக்க வேணாங்கறார். உங்ககிட்ட இருந்தப்ப அரையில நிக்கவே இல்லையா சார்?"

"இல்லைங்க" என்றேன்.

அரை மாத்திரையை நான் ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. இதை முதலில் அவருக்கும், பிறகு அக்காவுக்கும் அனுப்புகிறேன்.