திருடாதே படமும் ஆயாவின் சுருக்குப் பையும்

1/ ஓ.பி.க்கு வயசானவங்க யார் வந்தாலும் ஒரு கேள்வி கேட்பேன்: "மாத்திரை வாங்குற காசு யார் கையில இருக்கு?" டாக்டருக்கு எதுக்கு இந்தக் கணக்குன்னு நினைப்பாங்க. காரணம் ஒரு பழைய எம்.ஜி.ஆர். படம். சின்ன த்ரெட், படிச்சுப் பாருங்க.

2/ படம் 'திருடாதே'. 1961, கறுப்பு வெள்ளை, இயக்கம் ப.நீலகண்டன். தேவ் ஆனந்த் நடிச்ச 'பாக்கெட் மார்' (1956) இந்திப் படத்தோட தமிழ் வடிவம். இதுல எம்.ஜி.ஆர். இளவரசனும் இல்ல, வாள்வீரனும் இல்ல. வெறும் பிக்பாக்கெட்.

3/ ஒருத்தரோட பர்ஸை அடிக்கிறார். பறிகொடுத்தவர் இறந்துபோறார். குற்ற உணர்ச்சி தாங்காம அந்தக் குடும்பத்தைத் தேடிப் போறார். அங்க இறந்தவரோட தங்கை சரோஜாதேவி. காதல் வருது. ஆனா தான் யாருன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது? படம் முழுக்க இந்தப் பயம்தான்.

4/ 'திருடாதே பாப்பா' பாட்டை உங்க வீட்டுலயும் பாடியிருப்பாங்க. எழுதினவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1959-ல், 29 வயசுல இறந்துட்டார். படம் வந்ததை அவர் பார்க்கவே இல்ல.

5/ நான் இந்தப் படத்தைப் பார்த்தது பாகூர் பக்கம் ஒரு டூரிங் கொட்டாயில. பதினோரு வயசு. மணல் தரை, நடுநடுவே ரீல் மாத்துற இடைவேளை. டிக்கெட், முறுக்கு எல்லாம் சேர்த்து அஞ்சு ரூபா. அந்த அஞ்சு ரூபா எங்க ஆயாவோட சுருக்குப் பையிலிருந்து நான் எடுத்தது. ஆமாங்க. திருடின காசுல 'திருடாதே' பார்த்தேன். பாட்டு வந்தப்போ நானும் கூடவே பாடினேன்.

6/ வீட்டுக்கு வந்தா ஆயா திண்ணையில குந்தியிருக்காங்க. இழுப்பு. மூச்சு விசில் மாதிரி தெருவுக்கே கேக்குது. அந்தக் காசு இழுப்பு மாத்திரைக்கு வெச்சிருந்ததாம். "எங்கியோ விழுந்துட்டுது போலடா"ன்னு சொன்னாங்க. விடிய விடிய படுக்காம உக்காந்தே இருந்தாங்க. நானும் தூங்கல. ஆஸ்துமா ராத்திரியில அதிகமாகும்னு பின்னாடி பாடத்துல படிச்சேன். எனக்கு அது முன்னாடியே தெரியும்.

7/ திருடுறவனுக்கு கையில வர்றது வெறும் நோட்டு. அது யாரோட மருந்து, யாரோட கல்யாணம்னு அதுல எழுதியிருக்காது. படத்துல எம்.ஜி.ஆருக்குப் பின்னாடி தெரிஞ்சுது. எனக்கு ஒரே ராத்திரியில தெரிஞ்சுது.

8/ ஆயா அதுக்கப்புறமும் பல வருஷம் இருந்தாங்க. நான் டாக்டர் ஆனதையும் பார்த்தாங்க. ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே விட்டுட்டேன். முதல் தடவையா இங்கதான் சொல்றேன்.

9/ இப்போ உங்க வீட்டுக்கு வருவோம். பெரியவங்க மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்க. கணக்குக்கு மேல மிச்சம் இருக்கா? செலவை நினைச்சு பாதியா உடைச்சுப் போடுவாங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவாங்க, நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. பேரன் செலவுக்குக் கொடுத்துட்டு "மறந்துட்டேன்"னு சொல்வாங்க. பி.பி., சுகர் மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். கூட்டிட்டுப் போங்க. இன்ஹேலர் பழக்கமாயிடும்னு பயப்படாதீங்க, டாக்டர் சொன்னபடி எடுக்கச் சொல்லுங்க.

10/ சுருக்குப் பையில காசு இருக்கான்னும் அப்பப்போ பாருங்க. எடுக்க இல்ல, வைக்க.