சம்பந்தி ஊற்றிய ரியோஹா

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு ஒயின் என்றால் போர்தோதான். அந்தத் திமிரில், ஸ்பெயினில் லொக்ரோஞோ நகரில் இருக்கும் சம்பந்தி ஊற்றிக் கொடுத்த ரியோஹாவை வாயில் வைக்கும் முன்பே, "போர்தோ மாதிரி வருமா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கும் பிரெஞ்சு தெரியும். மேசைக்கு அடியில் மகன் என் காலை மிதித்தான்.

சம்பந்தி கோபிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிலாக்ஸரா பூச்சி பிரான்சின் திராட்சைக் கொடிகளை அழித்தபோது போர்தோ வியாபாரிகள் ஒயின் தேடி இங்கேதான் வந்தார்கள் என்றார். ஓக் பீப்பாயில் வைத்துப் பழக்கும் முறையைப் போர்தோவிடம் கற்றதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

பிறகு குடித்தேன். தெம்பிரானீயோ திராட்சை, சீக்கிரம் பழுப்பதால் அந்தப் பெயர். பாட்டிலில் ரெசெர்வா என்றிருந்தால் குறைந்தது 3 வருடம் வைத்திருந்தது, அதில் 1 வருடமாவது பீப்பாயில். முதலில் செர்ரி வாசனை, பின்னால் அமெரிக்க ஓக் தரும் வனிலா. இளம் போர்தோ மாதிரி நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இல்லை.

கூடவே, காய்ந்த திராட்சைக் குச்சிகளின் தணலில் சுட்ட ஆட்டுக்குட்டி விலா. உப்பு மட்டும்தான். வாயில் ஒட்டும் கொழுப்பை ஒரு மடக்கு ஒயின் கழுவிவிடுகிறது. (நம் மிளகாய் வறுவலோடு சேராது, வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன், காரம்தான் ஜெயித்தது.)

மூன்றாம் முறை நானே கோப்பையை நீட்டினேன். சம்பந்தி பாட்டிலைச் சாய்க்காமல், "போர்தோ வேண்டுமா?" என்றார்.