வெயில் காய்ச்சிய வெந்நீர்

விடியற்காலைத் திருப்பலிக்குச் செல்லுமுன் தலைக்கு நீர் ஊற்றிக்கொள்வது என் தாயாரின் வாழ்நாள் வழக்கம். எழுபது வயதைக் கடந்து முழங்கால்களில் வாதம் இறங்கிய பின்னரும் அவர்கள் அதை விடவில்லை. மார்கழிக் குளிரில் தண்ணீர் பட்டால் அன்று முழுவதும் வலிதான். ஆகவே, என் மனைவி நான்கு மணிக்கே எழுந்து கொல்லைப்புற அடுப்பில் தவலையை ஏற்றுவாள். ஆலங்குடி வட்டாரத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை. தைலமரச் சுள்ளியும் முந்திரி மிலாறும் வேண்டுமளவு கிடைக்கும். ஆனால் மழைக்காலத்தில் அவை எரிவதைவிடப் புகைவதே அதிகம். ஊதுகுழலும் கையுமாய்க் குனிந்திருந்த அவளுக்கு நாளடைவில் நீங்காத இருமல் வந்து சேர்ந்தது. தாயாரின் குளியலா, மனைவியின் மூச்சா என்று தீர்மானிக்க வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது.

மின்சாரக் கொதிகலன் வாங்கலாம் என்றனர் நண்பர்கள். நூறு லிட்டர் நீரை 25 பாகை வெப்பத்திலிருந்து 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் செலவாகும். ஆசிரியர் ஓய்வூதியக்காரன் கணக்குப் பார்க்காமல் இருப்பானா? அந்நாளில் சூரிய வெந்நீர்க் கலங்களுக்கு மத்திய அரசு மானியம் அளித்து வந்தது (2014இல் அது நின்றுவிட்டது). 2011ஆம் ஆண்டு துணிந்து நூறு லிட்டர் கலம் ஒன்றை மாடியில் ஏற்றிவிட்டேன்.

"நெருப்பில்லாமல் காய்ந்த தண்ணீர் உடம்புக்கு ஆகுமா?" என்று தாயார் மூன்று நாள்கள் அதைத் தொடவேயில்லை.

உண்மையில், அதன் இயக்கத்தை விளங்கிக்கொள்ள எனக்கே சில நாள்கள் பிடித்தன. கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கரிய செப்புத் தகடும், அதனோடு ஒட்டிய குழாய்களும் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. வெயிலில் சூடேறிய நீர் எடை குறைந்து மேலெழுந்து, பெட்டிக்கு மேலேயுள்ள கலத்தை அடைகிறது. கலத்தின் அடியிலுள்ள குளிர்ந்த நீர் கீழிறங்கிப் பெட்டிக்குள் வருகிறது. மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. வெயில் உள்ளவரை நீர் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். மாலையில் சுற்று நின்றுவிடும். கலத்தைச் சுற்றியுள்ள தடித்த நுரைப்போர்வை அந்த வெப்பத்தை விடியும்வரை காக்கிறது.

இந்தப் போர்வையில்தான் சூட்சுமமெல்லாம் இருக்கிறது. 1891இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கண்ணாடிப் பெட்டிக்குள் கரிய தொட்டிகளை வைத்து வெயிலில் நீரைச் சுடவைக்கும் சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிற்பகலில் கொதித்த நீர் காலையில் ஆறிக் கிடந்தது! 1909ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர், சூடேற்றும் பெட்டியையும் சேமிக்கும் கலத்தையும் பிரித்து, கலத்துக்குப் போர்வை போர்த்தினார். ‘பகலும் இரவும்’ என்ற பொருள்படவே அதற்குப் பெயரிட்டார். இஸ்ரேலில் 1980இல் புதிய வீடுகளுக்கு இதனைச் சட்டத்தாலேயே கட்டாயமாக்கினார்கள். நாசரேத்துக்கும் எருசலேமுக்கும் திருப்பயணம் சென்று வந்தோர் அங்குள்ள கூரைகளின்மேல் இந்தக் கலங்களைக் கட்டாயம் கண்டிருப்பார்கள்.

குளிர்நாடுகளில் வீட்டையே சூடாக்க வேண்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஓபர்பர்க் என்னும் ஊரில் 2007இல் கட்டிய அடுக்குமாடி வீட்டின் நடுவே இரண்டு இலட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீர்க்கலம் ஒன்று நிற்கிறது. கோடை வெயிலைப் பனிக்காலத்துக்குச் சேமித்து வைப்பது அது. புதுக்கோட்டைச் சீமையில் வீட்டைச் சூடாக்க வேண்டும் என்றால் சிரிப்பார்கள். ஓரிரவு தாங்கினால் நமக்குப் போதும்.

குறைகளும் உண்டு, மறைப்பானேன்? எங்கள் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீர் குழாய்களில் சுண்ணாம்பாய்ப் படிந்துவிடும். அவ்வப்போது கழுவ வேண்டும். குழாயைத் திறந்ததும் முதல் வாளி குளிர்ந்தே வரும். அது வாழைக்குப் போய்விடும். சித்திரை மாதத்திலோ நீர் ஏறக்குறையக் கொதிநிலையில் இறங்கும். குளிர்ந்த நீரைக் கலக்க மறந்து நான் திறந்துவிட்டதில் தாயாரின் முன்கை ஒருமுறை வெந்துபோயிற்று. அது என் குற்றம், கலத்தின் குற்றமன்று.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் மாடியில் ஒரு தென்னமட்டை வந்து விழுந்து, கண்ணாடி கற்கண்டுத் துண்டுகளாய் நொறுங்கியது. செப்புக் குழாய்கள் பிழைத்தன. பாலித்தீன் தாளைப் பெட்டியின்மேல் இழுத்துக் கட்டினேன். மூன்று வாரங்களாக மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டர் வைத்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பினோம். மழை ஓய்ந்து வெயில் முகம் காட்டியதும் வெந்நீர் வந்தது. பழைய சூடு இல்லையெனினும் வெந்நீர்தான்.

அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான பெண் இருந்தாள். ஊரில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. அந்த வீட்டாருக்கும் எங்களுக்கும் வேலித் தகராற்றினால் ஆறாண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"தம்பி, அந்தப் பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடு" என்றார்கள் தாயார். அப்போது பொழுது சாய்ந்திருந்தது.

"அம்மா, இப்போது இறக்கிவிட்டால் விடியலில் உனக்கு இராது. இனி நாளை வெயில் வந்தால்தான் காயும்."

"ஒருநாள் குளிக்காமல் வந்தேன் என்று மாதா கோயில் கதவைச் சாத்திவிடுவாளா?"

வாயடைத்துப் போனேன். புயல் சாய்த்திருந்த வேலியைத் தாண்டி, தவலையைத் தலைச்சுமையாய்க் கொண்டுபோய் அவர்கள் திண்ணையில் இறக்கினேன். அந்தப் பெண்ணின் தகப்பனார் எழுந்து நின்றாரேயன்றி, ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுநாள் விடிந்தபோது கலத்தில் மிச்சமிருந்தது வெதுவெதுப்பான ஒரு வாளி நீரே. தாயார் கைகால் முகம் கழுவிக்கொண்டு, என் தோளைப் பற்றியபடி கோயிலுக்கு நடந்தார்கள்.

திரும்பி வந்தபோது தவலை எங்கள் வாசலில் இருந்தது. பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்பக்கூடாதல்லவா? விழுந்த மரத்து இளநீர் நான்கு அதனுள் கிடந்தன. அன்று மாலை அந்தப் பெரியவரே தவலைக்கு வந்தார். குழந்தைக்கு நீராட்டும் வேளையைச் சொல்லிவிட்டுச் சென்றார். அன்றிலிருந்து மின்சாரம் வரும்வரை நடுப்பகலிலேயே அவர்களுக்கு நீர் இறக்கினோம். எஞ்சிய வெயில் தாயாருக்குப் போதுமானதாயிருந்தது.

அடுத்த ஆண்டு பெட்டிக்குப் புதிய கண்ணாடி போட்டாயிற்று. வேலியை மட்டும் இரு வீட்டாரும் இதுவரை எடுத்துக் கட்டவில்லை.