வாசலில் தொங்கிய கற்றாழை



எங்கள் வீட்டுச் சன்னல் திண்டில் இன்று பதினொரு மண்சட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஏழில் வளர்பவை ஒரே கற்றாழையின் கன்றுகள். வீட்டுக்கு வருவோர் அவற்றின் செழிப்பைக் கண்டு, சக்குலென்ட் எனப்படும் சதைப்பற்றுச் செடிகளை இவ்வூர் ஈரத்தில் எப்படி வளர்க்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். வளர்ப்பு முறையைச் சொல்வது எளிது. ஆனால் அந்தத் தாய்ச்செடி எட்டு மாதங்கள் எங்கள் தலைவாசலில் வேர் மேலாகத் தொங்கியது என்பதை நாங்கள் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது. இன்று அதையும் சேர்த்தே சொல்ல எண்ணுகிறோம்.

நாங்கள் வாழ்வது பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, காவிரிப் பாசனத்தின் கடைமடையில். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட காலத்தில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய்தான், மக்கள் வழக்கில் புது ஆறு, எங்கள் பகுதிக்கு நெல்லைத் தந்தது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா, திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்கால்வரை வருமா என்று வானத்தையும் செய்தித்தாளையும் மாறிமாறிப் பார்த்தே எங்கள் அத்தாமார்கள் காலம் கழித்தனர். தண்ணீரின் மீது நம்பிக்கை தளர்ந்தபோது, பலரும் வயலின் ஒரு பகுதியைத் தென்னந்தோப்பாக மாற்றினர். எங்கள் அத்தாவும் அப்படியே செய்தார்கள். அவர்கள் மறைந்த பின்பும் அந்தத் தோப்பே எங்கள் வீட்டுச் செலவைத் தாங்கியது.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியுமுன் கஜா புயல் கரையைக் கடந்தது. அன்று சுபுஹுத் தொழுகையை ஓடுகள் பறக்கும் ஓசைக்கு நடுவே தொழுதோம். வெளிச்சம் வந்து தோப்புக்குப் போனபோது, நிற்கும் மரங்களை எண்ண இரு கைகளின் விரல்களே போதுமானவையாக இருந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரமெங்கும் அதே காட்சிதான். மின்சாரம் இல்லாத நாள்கள் நீண்டன.

அந்த நாள்களில்தான் பெரியம்மா, கொல்லையில் கிடந்த ஒரு கற்றாழையை வேரோடு பிடுங்கிவந்து, கயிற்றில் கட்டித் தலைவாசல் நிலையில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். "தோப்பு மேல ஊர்க்கண்ணு பட்டுப்போச்சு. இனி இது பாத்துக்கும்" என்றார்கள். சுற்றியுள்ள எல்லாச் சமூகத்து வீடுகளிலும் காணும் வழக்கம்தான் அது. கண்ணேறு உண்டென்பதை மார்க்கம் மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து காக்குமாறு அல்லாஹ்விடமே கேட்க வேண்டும். அதற்காகவே ஃபலக், நாஸ் அத்தியாயங்கள் நமக்குக் கற்றுத்தரப்பட்டுள்ளன. காவலுக்கென ஒரு பொருளைத் தொங்கவிடுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். இவையெல்லாம் எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர்களும் நாங்களே. ஆயினும் அன்று வாய் திறக்கவில்லை. பெரியம்மாவின் மனம் நோகக் கூடாதென்று எங்களுக்குள் காரணம் சொல்லிக்கொண்டோம். உண்மை வேறு. எஞ்சிய மரங்களும் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சம் எங்கள் நெஞ்சிலும் இருந்தது. அந்தக் கற்றாழை தொங்கியது எங்களுக்கும் ஓர் ஆறுதலாகவே இருந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கோடையில், சிதைந்துபோன வீட்டு முகப்புக்குச் சற்று அழகு சேர்க்க எண்ணி, தாமரை மலர்போல் இலையடுக்குக் கொண்ட எச்செவேரியாச் செடிகள் ஆறு வாங்கிவந்தோம். அழகை வெறுக்கச் சொல்லும் மார்க்கமன்று நம்முடையது. காலையும் மாலையும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினோம். நெல் விளையும் மண்ணில் பிறந்தவர்களுக்கு அன்பைக் காட்டும் வழி தண்ணீர் ஊற்றுவதுதானே! ஒரே மாதத்தில் அடியிலைகள் கண்ணாடிபோல் மாறிக் கனிந்தன; தொட்டதும் உதிர்ந்தன. ஆறில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கடைசிச் செடியை எடுத்து எறிந்த அன்று நிமிர்ந்து பார்த்தோம். ஒரு சொட்டு நீரும் ஒரு பிடி மண்ணும் இன்றி, மேலே அந்தக் கற்றாழை இன்னும் உயிரோடு தொங்கிக்கொண்டிருந்தது. இலைகள் மெலிந்து, ஓரம் சிவந்து சுருங்கியிருந்தன. ஆனால் நடுக்குருத்து பச்சையாகவே இருந்தது. காற்றைக் குடித்து வாழும் அதிசயச் செடி என்றும், கண்ணேற்றை இழுத்துக்கொள்கிறது என்றும் மக்கள் நம்புவது இதைக் கண்டுதான் போலும்.

காரணம் தேடிப் படித்தோம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளிழுக்கின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போகிறது. கற்றாழை போன்றவை பகல் முழுதும் துளைகளை மூடிக்கொள்கின்றன. வெயில் தணிந்த இரவில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் பயன்படுத்துகின்றன. பகலெல்லாம் வாய் மூடி, இருட்டிய பின் திறக்கும் இச்செடியைப் பற்றிப் படித்தபோது எங்களுக்கு நோன்பு நினைவுக்கு வந்தது. தொங்கிய செடி எட்டு மாதம் பிழைத்ததற்கும் அதுவே விளக்கம். கொல்லையில் கிடந்த காலத்தில் அல்லாஹ் பொழிந்த மழையை அது இலைகளில் சேர்த்து வைத்திருந்தது. எங்கள் வாசலில் அந்தச் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருந்தது. எங்களைக் காப்பதற்கு அதனிடம் எதுவும் இல்லை. தன்னைக் காக்கவே அது பாடுபட்டது.

எங்கள் பள்ளிவாசல் ஆலிம் அவர்களிடம் இதைச் சொன்னோம். அவர்கள் கடிந்துகொள்ளவில்லை, ஒரு சொல்லைச் சொன்னார்கள். அரபு மொழியில் பொறுமைக்கு ஸப்ர். கற்றாழையின் கசப்புச் சாற்றுக்கு ஸபிர். ஸாத், பா, ரா என்னும் மூன்றெழுத்துகளே இரண்டுக்கும் பொது. இஹ்ராம் நிலையில் கண்நோய் கண்டவருக்கு ஸபிர் இடுவது பற்றிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நம் நாட்டு மருந்துக்கடையில் மூசாம்பரம் என்று கேட்டு வாங்குவதும் அதே சாற்றின் உலர்ந்த கட்டியைத்தான். கற்றாழையின் தாயகம் அரேபியத் தீபகற்பம் என்றே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பாலஸ்தீன மக்கள் சப்பாத்திக்கள்ளியையும் இதே வேர்ச்சொல்லால் அழைக்கிறார்கள். 1948-இல் அழிக்கப்பட்ட ஊர்கள் பலவற்றில் வீடுகள் போன பின்னும் அந்தக் கள்ளி வேலிகள் நிற்கின்றன.

துன்பத்தின் முதல் அடி விழும்போதே காட்ட வேண்டியது பொறுமை என்னும் நபிவழிப் போதனையையும் ஆலிம் நினைவூட்டினார்கள். அன்றிரவு நாங்கள் உறங்கவில்லை. முதல் அடி விழுந்த அன்று எங்களிடம் சேமிப்பு இருக்கவில்லை. தோப்பு காய்த்த ஆண்டுகளில், கை நிறைந்த காலத்தில், இறைவன் மீதான நம்பிக்கையை நாங்கள் நெஞ்சில் சேர்த்து வைக்கவில்லை. அதனால்தான் புயல் வந்ததும் ஒரு செடியிடம் காவல் தேடினோம்.

மறுநாள் பெரியம்மாவை அழைத்து, நாங்கள் பயந்ததையும் மௌனமாக இருந்ததையும் ஒப்புக்கொண்டு, செடியை இறக்கலாமா என்று கேட்டோம். அவர்கள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "நானும் பயத்துலதாம்மா கட்டுனேன். இறக்குங்க. ஆனா தூக்கிப் போட்டுராதீங்க, பாவம் அது" என்றார்கள். அவர்கள் கையாலேயே பிஸ்மில்லாஹ் சொல்லி நடச் செய்தோம். ஒரு வாரத்தில் இலை நிமிர்ந்தது. அடுத்த ஆண்டு பக்கக்கன்றுகள் வந்தன.

இனி வளர்ப்பு முறை. நம் பகுதிக்கு ஏற்ற செடிகளைத் தேர்வதே முதல் வேலை. எச்செவேரியா மெக்சிகோ மலைநாட்டுச் செடி. நம் வெப்பமும் ஈரக்காற்றும் அதற்கு ஒவ்வா. கற்றாழை, ரணகள்ளி, மருள், பிரண்டை, கற்பூரவல்லி ஆகியவை இங்கு எளிதில் வளரும். பூ வேண்டுவோர் அடினியம் வைக்கலாம். அரபு நாடுகளில் வேலை செய்தோர் சிலர் அதை அங்கேயே கண்டிருப்பர். நேரடி வெயில் படாத அறைக்கு ஹவோர்தியாவும் மருளும் பொருந்தும். வாங்கும்போது தண்டின் அடியை மெல்ல அழுத்திப் பாருங்கள். மெதுமெதுப்பாக இருந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. கள்ளி வகைகளின் பாலும் அடினியத்தின் பாலும் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நம் வண்டல் மண் நெல்லுக்கு வரம், இவற்றுக்கோ ஆபத்து. அது நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு பங்கு மண்ணுடன், ஒரு பங்கு உடைத்த செங்கல் துண்டும், ஒரு பங்கு கருக்கிய உமியும் கலக்கிறோம். உமிக்கு நம் நெல்லரவை ஆலைகளில் பஞ்சமில்லை. அடியில் துளையுள்ள மண்சட்டியே சிறந்தது. இரண்டு விரற்கடை ஆழம் விரலை விட்டுப் பார்த்து, முற்றிலும் உலர்ந்திருந்தால் மட்டும் நன்றாக நீர் ஊற்றி வடியவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அப்போது பல நாள்கள் நீரே தேவைப்படாது. கன்றைப் பிரித்தால், வெட்டுவாய் உலர மூன்று நான்கு நாள் நிழலில் வைத்தபின் நடுங்கள். ரணகள்ளிக்கு அதுவும் வேண்டாம். ஈர மண்மேல் ஓர் இலையைக் கிடத்தினால் அதன் விளிம்பில் கன்றுகள் முளைக்கும். மாவுப்பூச்சி கண்டால், வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்த நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும்.

அலங்காரத்துக்கென்று பெரும் பொருள் செலவிட வேண்டியதில்லை. வீண்விரயம் நமக்கு ஆகாது. கஜாவில் விரிசல்விட்ட ஊறுகாய் ஜாடியில் எங்கள் மருள் நிற்கிறது. உடைந்த ஓட்டுத் துண்டுகளைச் சட்டிகளின் அடியில் தட்டாக வைத்திருக்கிறோம். உயரமானவை பின்னாலும் குட்டையானவை முன்னாலுமாக, தொழும் இடத்துக்கு அருகிலுள்ள சன்னலில் அடுக்கியிருக்கிறோம். சுபுஹுக்குப் பின் அவற்றின் முன் சிறிது நேரம் அமர்ந்திருப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

தலைவாசல் நிலையில் அந்தக் கயிறு கட்டிய ஆணி இன்னும் இருக்கிறது. பிடுங்கவில்லை, எங்கள் அச்சத்தை நாங்கள் மறந்துவிடக் கூடாதல்லவா? அதில் இப்போது எதுவும் தொங்கவில்லை. தோப்பில் மறுபடி நட்ட கன்றுகள் வளர்கின்றன. அடுத்த புயல் எப்போது வரும் என்பது அவனுக்கே தெரியும். அதற்குள் நெஞ்சில் சிறிது ஈரம் சேர்த்துக்கொள்ள முயல்கிறோம். மழைக்காலத்தில் சேமித்து, வறட்சியில் வாடாமல் நிற்கும் பொறுமையை வல்ல ரஹ்மான் உங்களுக்கும் எங்களுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.