இரண்டு நிமிஷ ஓட்டம்

திருமலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. பெங்களூர் ரேஸ் கோர்ஸில் உனக்குக் கேமரா வேலை கிடைத்ததிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. “1996-லேயே சுப்ரீம் கோர்ட் குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமைன்னு சொல்லிடுச்சும்மா” என்றேன். “நம்ம அப்பா கடனைக் கோர்ட்டா அடைச்சுது?” என்று கேட்டாள். நான் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டேன்.

நான் கிண்டி ரேஸ் கோர்ஸில் பந்தயப் பணம் வாங்கும் டோட் கவுண்டரில் இருந்தபோது, அங்கே குதிரையே ஓடாத நாளிலும் கூட்டம் நெரியும். ஓடுவது மும்பை மகாலட்சுமியிலோ புனேயிலோ, இங்கே டிவிதான். கையில் ரேஸ் புத்தகம், காதில் பென்சில். கடைசித் திருப்பம் வந்ததும் அண்ணாந்தபடி “அடி, அடி!” என்று ஜாக்கியை விரட்டுவார்கள். இப்படி வெளியூரில் கட்டும் பணத்தில் படம் அனுப்பும் கிளப்புக்கும் ஒரு பங்கு உண்டு. கிளப்புகளின் பிழைப்பே அதில்தான்.

அமெரிக்காவில் கெண்டக்கி டெர்பி பந்தயமும் இரண்டு நிமிஷ ஓட்டம்தான். 1952-லேயே சிபிஎஸ் டிவி நாடு முழுக்கக் காட்டியது. 2001 முதல் என்பிசி கையில் இருக்கிறது, மணிக்கணக்கில் காட்டுகிறார்கள். சீமாட்டிகளின் தொப்பி, குதிரை வளர்த்தவனின் கண்ணீர்க் கதை, நடுநடுவே விளம்பரம். பத்து காசு கட்டாதவனும் பார்க்கிறான். நம் நாட்டில் கட்டியவன்தான் பார்க்கிறான். அதனால் கவுண்டர் படுத்தால் படமும் படுக்கும். 2025 செப்டம்பரில் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதமானது, அதுவும் கட்டுகிற முழுப் பணத்துக்கும். கிண்டியில் அதற்கு முந்தின வருஷமே அரசு ரேஸ் கோர்ஸ் குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. 160 ஏக்கர், கோர்ட் வரை போனது. ஆகவே இந்த வேலையை நம்பிக் கடன் கிடன் வாங்கிவிடாதே.

தொழிலில் ஒன்று கவனி. முன்னால் வரும் குதிரை அழகாக இருக்கிறதென்று அதையே பிடித்துக்கொண்டு நிற்காதே. ஆறாவதாக வருவதன் மேல் கட்டியவனும் உன் படத்தைத்தான் பார்க்கிறான். அது எங்கே சிக்கியது என்று தெரியாவிட்டால், “ஜாக்கி இழுத்துப் பிடிச்சுட்டான்” என்று கவுண்டர் கம்பியை உலுக்குவான். உலுக்கியிருக்கிறார்கள். குதிரைகளுக்கு நேர் எதிரே நிற்கும் கேமராவில் உன்னைப் போட்டால் தட்டாதே. யார் யாரை இடித்தார் என்று பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் போட்டுப் பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

அம்மாவுக்கு போன் போடு. சம்பளத்தைச் சொல், ஜாக்பாட் பேச்சு வேண்டாம். தறியில் இருக்கும் சேலையை அறுத்ததும் ஆரணியில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறுகிறேன். உள்ளே வர ஒரு பாஸ் கிடைக்குமா பார். அவளிடம் சொல்லாதே.

அன்புடன்,
மாமா