"தெரியவில்லை" என்ற ஆசிரியர்

நாம் எட்டாம் வகுப்பில் பயின்ற காலம். தமிழாசிரியர் செய்யுள் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தார். அதில் வந்த ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டு எழுந்து நின்றோம். அவர் சற்றே எண்ணிப் பார்த்து, "தெரியவில்லை தம்பி, நாளைக்குப் பார்ப்போம்" என்றார். வகுப்பு நகைத்தது; நாமும் நகைத்தோம்.

வீடு திரும்பி வாப்பாவிடம் இதனைப் பெருமையுடன் கூறினோம். அவர்கள் முகம் வாடியது. "தெரியாததைத் தெரியாதென்று இத்தனை பிள்ளைகள் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். அந்தத் துணிவு உனக்கு வருமா?" என்று கேட்டார்கள்.

மறுநாள் ஆசிரியர் அகராதியுடன் வந்தார். நம்மை அருகழைத்து, அச்சொல்லை நம்மையே தேடியெடுக்கச் செய்தார். அந்தச் செய்யுள் மறந்துபோயிற்று. அகராதியைப் புரட்டும் பழக்கம் இன்றுவரை நீங்கவில்லை.

நல்லாசிரியரின் பணி இதுவேயன்றோ? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திருவாவடுதுறைச் சைவ மடத்தின் புலவராய் விளங்கியவர். ஆயினும், நாகூர் குலாம் காதிறு நாவலரும், கிறிஸ்தவரான சவரிராயலு நாயகரும், உ.வே. சாமிநாதையரும் அவரிடம் பாடங் கேட்டனர். அவரவர் தத்தம் வழியே வளர்ந்தனர். நாவலர் 'நாகூர்க் கலம்பகம்', 'நாகூர்ப் புராணம்' முதலியன இயற்றி இஸ்லாமியத் தமிழுக்கு அணி சேர்த்தார்.

சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தபோது, 1880இல், சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் 'சீவக சிந்தாமணி' படித்ததுண்டா என வினவினார். அது அவர் தம் ஆசிரியரிடம் பாடங் கேளாத நூல். இல்லையென்று ஒப்புக்கொண்டார், பின்னர் அவ்வூர்ச் சமணர்களை நாடிச் சென்று, அவர்தம் சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெளிந்து, 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். கற்பித்தவர் மறைந்து பதினோராண்டுகள் கடந்த பின்னும், கற்பித்த பயன் வளர்ந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் பெற்ற மதிப்பெண்ணைக் கேட்கும் நாம், அவர்கள் தாமே எதைத் தேடினார்கள் என்று கேட்கிறோமா? விடை கூற இயலாத ஆசிரியரைக் கண்டு பிள்ளைகள் நகைக்கும்போது, நாமும் சேர்ந்து நகைக்கிறோமா, நம் வாப்பாவைப்போல் திருத்துகிறோமா?

அவரிடம் மன்னிப்புக் கேட்க நமக்குத் துணிவு பிறந்தபோது, அவர் வேறூருக்கு மாற்றலாகிச் சென்றுவிட்டார். இன்று பேரப்பிள்ளைகள் வினவும்போது பலமுறை நமக்கு விடை தெரிவதில்லை. "தெரியவில்லை, வா, சேர்ந்து தேடுவோம்" என்கிறோம். அவருக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் அதனால் தீருமென நம்புகிறோம்.